நூறு பேர் வாசிக்க, எண்பது பேருக்கு வலி

சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா என்றால் கறுப்புக் கோட்டும் மேடை வெளிச்சமும் கைத்தட்டலும்தான் நம் நினைவுக்கு வரும். அந்தக் கோட்டுக்குள் இருக்கும் தோள்பட்டையைப் பற்றி அதிகம் பேர் கேட்பதில்லை. கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்கள் சங்கடமானவை.

லண்டன், 1844. ஃபில்ஹார்மானிக் சொசைட்டியின் ஒத்திகை நடந்துகொண்டிருக்கிறது. கண்டக்டர் மேடையில் நிற்பவர் ஃபெலிக்ஸ் மெண்டெல்சன். ஐரோப்பாவே கொண்டாடிய பெயர். அவர் கையில் இருப்பது, பதினாறு வருடத்துக்கு முன்பே இறந்துபோன ஷூபர்ட் எழுதிய பெரிய சி மேஜர் சிம்பொனி. கடைசிப் பகுதி வருகிறது. வயலின்காரர்களின் தாளில் மூன்று மூன்று ஸ்வரமாக ஒரே உருவம். பக்கத்தைத் திருப்பினால் அதே. இன்னொரு பக்கம் திருப்பினாலும் அதே. வில் பிடித்த கை நிற்க வழியே இல்லை. வயலின் வரிசை வாய்விட்டுச் சிரித்துவிட்டது. மெண்டெல்சன் கடுப்பாகி, அந்த சிம்பொனியையே நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்.

இசை வரலாற்றில் இந்தச் சம்பவத்தை, மேதைமை புரியாத கூலிக்கார வாத்தியக்காரர்களின் கதையாகத்தான் சொல்வார்கள். எனக்கு அந்த வயலின்காரர்கள் பக்கம்தான் சாய்வு. அந்தக் கடைசிப் பகுதியில் மட்டும் ஆயிரத்து நூறைத் தாண்டும் தாளக் கட்டங்கள். முழங்கைக்கு என்ன நேரும் என்பது அரங்கில் உட்கார்ந்து கேட்பவரைவிட நாற்காலியில் உட்கார்ந்து இழுப்பவருக்குத்தானே முதலில் தெரியும்?

இன்று உலகின் பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள் எல்லாம் இதை வாசிக்கின்றன. யாரும் சிரிப்பதில்லை. தோளில் பட்டை ஒட்டிக்கொண்டும், வலி மாத்திரை போட்டுக்கொண்டும் வந்து உட்காருகிறவர்கள் உண்டு.

2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவன்டிம் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியபோது, நம் ஊர் டீக்கடை வரை ஆர்கெஸ்ட்ரா பேச்சு வந்துவிட்டது. எத்தனை வயலின், எத்தனை செல்லோ என்று அலசினோம். அந்த வரிசைகளில் முப்பது வருடம் உட்கார்ந்து வாசிப்பதுதான் பிழைப்பு என்று இருப்பவரின் உடம்பு என்ன ஆகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

கணக்கெடுத்தபோது

1986-ல் அமெரிக்காவில் சிம்பொனி, ஆபரா இசைக்கலைஞர்களின் கூட்டமைப்பு 48 ஆர்கெஸ்ட்ராக்களில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 2,212 பேர் பதில் எழுதினார்கள். அவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் உடல் தொந்தரவு இருந்தது. வாசிப்பையே பாதிக்கும் அளவுக்குக் கடுமையான தொந்தரவு இருப்பதாகச் சொன்னவர்கள் 76 சதவீதம்.

இது நடந்து கால் நூற்றாண்டு கழித்து ஆஸ்திரேலியாவின் எட்டுத் தொழில்முறை ஆர்கெஸ்ட்ராக்களில் 377 பேரிடம் கேட்டார்கள். வாசிப்பைத் தடுக்கும் வலியோ காயமோ வாழ்க்கையில் ஒருமுறையாவது வந்ததுண்டு என்றவர்கள் 84 சதவீதம். இதோ இப்போதுகூட வலிக்கிறது என்றவர்கள் பாதிப் பேர். டென்மார்க்கில் ஆறு ஆர்கெஸ்ட்ராக்களைப் பார்த்த ஆய்வு 2011-ல் வந்தது. கடந்த ஒரு வருடத்தில் உடம்பின் ஏதாவது ஒரு பகுதியில் தசை, மூட்டுத் தொந்தரவு இருந்ததா என்ற கேள்விக்கு, பெண்களில் 97 சதவீதமும் ஆண்களில் 83 சதவீதமும் ஆமாம் என்றார்கள்.

இந்த மாதிரி ஆய்வுகளில் ஒரு சிக்கல் உண்டு. வலிக்கிறவர்தான் படிவத்தை அக்கறையாக நிரப்புவார். தவிர, ‘வலி’ என்று எதைக் கணக்கில் எடுப்பது என்பதில் ஆளுக்கொரு அளவுகோல். கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் கிறிஸ்டின் ஸாஸா 1998-ல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது, விகிதம் 39-லிருந்து 87 சதவீதம் வரை பரந்து கிடந்தது. சரி, குறைந்தபட்ச எண்ணையே எடுத்துக்கொள்வோம். பத்துப் பேரில் நான்கு பேருக்கு வேலையால் உடம்பு கெடும் ஒரு தொழிற்சாலை இருந்தால், வாசலில் கொடி பறந்திருக்காதா?

எட்டு ‘சர்வீஸ்’ கொண்ட வாரம்

அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களில் வேலையை ‘சர்வீஸ்’ என்ற கணக்கில் அளப்பார்கள். ஓர் ஒத்திகையோ ஒரு கச்சேரியோ ஒரு சர்வீஸ். சுமார் இரண்டரை மணி நேரம். வாரத்துக்கு எட்டு என்பது வழக்கம். கூட்டினால் இருபது மணி நேரம்தான் வருகிறது. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு இதைக் கேட்டால் பொறாமையாக இருக்கும்.

கணக்கில் வராதது வீட்டில் நடப்பது. வாராவாரம் நிகழ்ச்சி மாறும். இந்த வாரம் மோசார்ட் என்றால் அடுத்த வாரம் புரூக்னர். புரூக்னர் என்றால் வயலின்காரர்கள் நிமிடக்கணக்கில் வில்லை நடுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கான சாதகம் எல்லாம் சொந்த நேரத்தில். பெரும்பாலோர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் சம்பாதிப்பதால், அங்கேயும் வாத்தியம் கையைவிட்டு இறங்காது. டிசம்பர் வந்தால் அமெரிக்க பாலே ஆர்கெஸ்ட்ராக்களுக்கு சாய்காவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’ சீசன். பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்று அதே இசையை வாரக்கணக்கில் திருப்பித் திருப்பி வாசிக்க வேண்டும்.

உடம்பைக் கெடுப்பதில் அசைவுக்கு இருக்கும் பங்கு அசையாமல் இருப்பதற்கும் உண்டு. வயலினைத் தாங்கும் இடது கை மேலே தூக்கியபடியே இருக்க வேண்டும். அந்தத் தோள் தசை சுருங்கியே கிடக்கும். ரத்த ஓட்டம் குறையும். ஓய்வு கிடைப்பது இசையில் மௌனம் வரும்போதுதான். அதைத் தீர்மானிப்பவர் நூறு வருடத்துக்கு முன் இறந்த இசையமைப்பாளர். பூ கட்டுபவர்கூடக் கை வலித்தால் பூவைக் கீழே வைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்; அவருக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. ஆர்கெஸ்ட்ராவில் இருப்பவருக்கு அது கிடையாது.

இதற்கு மேல் இடநெருக்கடி. ஆபரா அரங்குகளில் வாத்தியக்காரர்கள் மேடைக்குக் கீழே ஒரு பள்ளத்தில் உட்காருவார்கள். வில்லை முழு நீளத்துக்கு இழுத்தால் பக்கத்தில் இருப்பவரின் முழங்கையில் இடிக்கும். ஜெர்மனியின் பைராய்ட்டில் வாக்னர் தானே கட்டிய அரங்கில் அந்தப் பள்ளத்துக்கு மூடியும் போட்டுவிட்டார். கோடைத் திருவிழாவில் உள்ளே வெந்துபோகும். ரசிகர்கள் கண்ணில் படாததால், உள்ளே இருப்பவர்கள் டி-ஷர்ட்டும் அரைக்கால்சட்டையுமாகத்தான் வாசிப்பார்கள். வாக்னர் ஆபரா என்றால் இடைவேளைகள் போக நான்கு மணி நேரம் சாதாரணம்.

■ பெட்டிச் செய்தி: எந்த வாத்தியம், எங்கே பிடிக்கும்?

வயலின், வியோலா: தாடைக்கும் தோளுக்கும் நடுவே கவ்வுவதால் கழுத்து, இடது தோள். இடது முழங்கை மடங்கியே இருப்பதால் அங்கே ஓடும் நரம்பு அழுந்தி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகலாம். தாடைக்குக் கீழே கறுத்த தழும்பு அநேகமாக எல்லோருக்கும் உண்டு.

செல்லோ, டபுள் பேஸ்: கீழ் முதுகு. டபுள் பேஸ் ஆள் உயரம்; தடித்த கம்பிகளை அழுத்தும் இடது கைக்கு வேலை அதிகம்.

ஃபுளூட்: தலை ஒரு பக்கம் திரும்ப, கைகள் இரண்டும் வலப்பக்கம் உயர்ந்து நிற்கும். கழுத்தும் தோளும் கோணிக்கொள்ளும்.

கிளாரினெட், ஓபோ: வாத்தியத்தின் எடை வலது கட்டைவிரலில்தான் உட்காருகிறது.

டிரம்பெட், ஹார்ன், டிராம்போன்: உதட்டைச் சுற்றிய தசை. அது கிழிவதற்கு மருத்துவர்கள் வைத்த பெயர் ‘சாச்மோ நோய்க்குறி’. சாச்மோ என்பது ஜாஸ் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் செல்லப்பெயர். அவரும் உதடு புண்ணாகிக் கஷ்டப்பட்டவர்.

வெளியே சொன்னால் என்ன ஆகும்?

வலி இருக்கிறதே, ஏன் சொல்வதில்லை? காரணம் ஆர்கெஸ்ட்ராவில் வேலை கிடைக்கும் முறையில் இருக்கிறது. ஒரு நாற்காலி காலியானால் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்துத் தேர்வாகி உள்ளே வந்தாலும், ஜெர்மனியில் ஒரு வருடம் பரீட்சார்த்த காலம். முடிவில் சக கலைஞர்களே ஓட்டுப் போட்டு நிரந்தரமாக்குவார்கள். அந்த ஒரு வருடத்தில் ‘மணிக்கட்டு குடைகிறது’ என்று யார் வாயைத் திறப்பார்கள்?

லண்டனில் கதை இன்னும் கெடுபிடி. லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா உட்பட நகரத்தின் சுயாட்சி ஆர்கெஸ்ட்ராக்களில் வாசிப்பவர்கள் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை. வாசித்த நாளுக்குத்தான் பணம். பி.பி.சி. ஆர்கெஸ்ட்ராக்களில் இருப்பவர்களுக்குச் சம்பளமும் விடுப்பும் உண்டு. மற்றவர்களுக்குக் கை வலித்து வீட்டில் இருந்தால் அந்த வாரம் வருமானமில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. ஆள் பிடிக்கிறவரின் போன் பட்டியலில் பெயர் கீழே இறங்கிவிடும். ‘அவருக்குக் கையில் ஏதோ பிரச்சனையாமே’ என்ற ஒரு வார்த்தை போதும்.

நம் ஊர் சினிமா ரிக்கார்டிங்கில் கால்ஷீட் கணக்கில் வாசித்த வயலின்காரர்களுக்கு இந்தப் பயத்தை விளக்கவே தேவையில்லை.

கூடவே ஒரு நம்பிக்கையும் ஊறிக் கிடக்கிறது: வலி வந்தால் வாசிக்கும் முறை தப்பு. அதாவது தப்பு உன்னுடையது. இன்னும் சாதகம் பண்ணு. ஏற்கெனவே அளவுக்கு மீறி உழைத்த தசைநாணுக்கு இதைவிட மோசமான மருந்து கிடையாது. இந்தப் பேச்சுதான் வேலையளவைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகளை நூறு வருடமாகத் தள்ளிப்போட்டிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

விரல் பேச்சைக் கேட்காதபோது

வலியே இல்லாமல் வரும் ஒரு வியாதி இருக்கிறது. இசைக்கலைஞர்கள் அதற்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். பெயர் ஃபோக்கல் டிஸ்டோனியா. டீ கிளாஸைப் பிடிக்கும் கை, பட்டன் போடும் கை, வாத்தியத்தைத் தொட்டதும் மட்டும் சொன்னபடி கேட்காது. ஒரு விரல் தானாகச் சுருண்டு உள்ளங்கைக்குள் போகும். ஒவ்வொரு விரலுக்கும் மூளையில் தனி இடம் உண்டு. ஒரே நுணுக்கமான அசைவைப் பல வருடங்கள், லட்சக்கணக்கான முறை செய்யும்போது, சிலருக்கு அந்த இடங்களின் எல்லை அழிந்து ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. தொழில்முறைக் கலைஞர்களில் நூறில் ஒருவருக்கு இது வரலாம் என்பது ஜெர்மனியின் ஹனோவரில் இசை மருத்துவத்துக்கென்றே ஒரு நிறுவனத்தை நடத்தியவரான எக்கார்ட் ஆல்டென்முல்லர் போன்றவர்களின் கணிப்பு.

ராபர்ட் ஷூமனுக்கு வந்தது இதுதான் என்று இன்று பலர் நினைக்கிறார்கள். பியானோ மேதையாக வர வேண்டியவருக்கு இருபது வயதை ஒட்டி வலது நடுவிரல் கைவிட்டது. விரலைப் பலப்படுத்த ஒரு கருவியை வேறு மாட்டிப் பார்த்தார். பியானோ கனவு போய் முழுநேர இசையமைப்பாளர் ஆனார். அந்த ஷூமன்தான் பின்னாளில் வியன்னாவுக்குப் போய், ஷூபர்ட்டின் அண்ணன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த சி மேஜர் சிம்பொனியைக் கண்டெடுத்து மெண்டெல்சனுக்கு அனுப்பிவைத்தார். 1839-ல் லைப்சிக்கில் மெண்டெல்சன் அதை முதன்முதலாக நடத்தினார். ஐந்து வருடம் கழித்து லண்டன் வயலின்காரர்கள் சிரித்தது அதைப் பார்த்துத்தான்.

நம் காலத்துக் கதை லியான் ஃப்ளைஷர். அமெரிக்கர். 1964-ல், முப்பத்தாறு வயதில், கிளீவ்லேண்ட் ஆர்கெஸ்ட்ராவோடு சோவியத் யூனியன் பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது வலது கையின் நான்காம், ஐந்தாம் விரல்கள் சுருண்டுகொண்டன. ஏன் என்று சொல்ல அன்று மருத்துவர்களுக்கே தெரியவில்லை. சொல்லிக்கொடுத்தார், ஆர்கெஸ்ட்ரா நடத்தினார், முதல் உலகப் போரில் கையிழந்த பியானோக் கலைஞர் பால் விட்கென்ஸ்டைனுக்காக ராவெல் முதலானோர் எழுதிய இடது கைப் படைப்புகளை வாசித்தார். 1990-களில் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி வந்த பிறகுதான் இரண்டு கைகளாலும் தொடர்ந்து மேடையேற முடிந்தது. 2004-ல் வெளிவந்த அவரது இசைத்தட்டுக்குப் பெயரே ‘இரண்டு கைகள்’. நோய் குணமாகவில்லை, கட்டுக்குள் வந்தது; அவ்வளவுதான். 2020-ல் காலமானார்.

ஃப்ளைஷரின் முக்கியத்துவம் வேறொன்று. 1981-ல் அவரும், அவரைப் போலவே வலது கை கெட்ட இன்னொரு பியானோக் கலைஞர் கேரி கிராஃப்மனும் தங்கள் நிலைமையை வெளியே சொன்னார்கள். நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்தது. அவர்களுக்குச் சிகிச்சை தந்த பாஸ்டன் மருத்துவமனைக்கு நாடெங்கிலும் இருந்து வாத்தியக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். அதுவரை தனித்தனியாக ஒளித்துவைத்திருந்த கைகள். அதன் பிறகுதான் காரியங்கள் நடந்தன. 1986-ல் இதற்கென ஒரு மருத்துவ இதழ், 1989-ல் மருத்துவர்களின் சங்கம்.

பெரிய வியோலா, சின்னத் தோள்

பிரிட்டனின் லயனல் டெர்டிஸ் வியோலாவைத் தனி வாத்தியமாகத் தலைநிமிர வைத்தவர். அவர் வாசித்தது பழைய இத்தாலிய வியோலா. உடல் நீளம் மட்டும் நாற்பத்து மூன்று சென்டிமீட்டருக்கு மேல். ஒப்பிட, வயலின் முப்பத்தைந்தரைதான். 1937-ல் வில் பிடிக்கும் கையில் தசைவலி முற்றி, ஓய்வை அறிவித்தார். சும்மா இருக்கவில்லை. நாதம் குறையாமல், தாங்கும்படியான அளவில் ஒரு வியோலாவை வடிவமைத்தார். ‘டெர்டிஸ் மாடல்’ என்று அதற்குப் பெயர் நிலைத்தது. பிறகு டேவிட் ரிவினஸ் என்ற அமெரிக்கக் கைவினைஞர் ஒரு படி மேலே போய், வெயிலில் உருகி வழிந்ததுபோன்ற கோணல் வியோலா ஒன்றைச் செய்தார். கழுத்தையும் கையையும் திருக வேண்டாம். பார்த்தால் சிரிப்பு வரும். சான் ஃபிரான்சிஸ்கோ சிம்பொனியில்கூட அதை வாசித்திருக்கிறார்கள்.

மற்றபடி இந்த வாத்தியங்களின் அளவெல்லாம் ஆண்கள் மட்டும் ஆர்கெஸ்ட்ராவில் இருந்த காலத்தில் நிலைபெற்றவை. பெண்களுக்குத் தொந்தரவு கூடுதலாகப் பதிவாவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். டென்மார்க் எண்களை இந்தக் கண்ணோடும் படிக்க வேண்டும்.

■ பெட்டிச் செய்தி: 35 வருடம் ஓடிய கேலி

1974-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கடிதம் வந்தது. செல்லோ வாசிக்கும் ஆண்களுக்கு வாத்தியம் உரசுவதால் விரைப்பையில் வரும் ஒரு நோயைப் பற்றி. மருத்துவக் கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டவும் செய்தன. செல்லோவை எப்படிப் பிடிப்பார்கள் என்று பார்த்தவருக்கே தெரியும், அது அங்கே உரச வழியில்லை. 2009-ல் மருத்துவர் எலைன் மர்ஃபி, அப்போது பிரிட்டன் பிரபுக்கள் சபை உறுப்பினர், அது தான் எழுதிய வேடிக்கை என்று ஒப்புக்கொண்டார். இசைக்கலைஞர்களின் உடம்பைப் பற்றி மருத்துவ உலகம் எவ்வளவு கவனமாகப் படித்தது என்பதற்கும் இது ஒரு சான்று.

காதுக்குச் சட்டம் உண்டு

2012-ல் லண்டன் ராயல் ஆபரா ஹவுஸில் வாக்னரின் ‘டி வால்கூரே’ ஒத்திகை. வியோலாக் கலைஞர் ஒருவரின் நாற்காலிக்கு நேர் பின்னால் பித்தளை வாத்தியங்கள். சத்தம் 130 டெசிபெலைத் தாண்டியது. கேட்கும் திறன் பாதிக்கப்பட்டு அவரது தொழிலே முடிந்தது. 2018-ல் உயர் நீதிமன்றம் நிர்வாகத்தின் மேல்தான் பொறுப்பு என்றது. 2019-ல் மேல்முறையீட்டிலும் அவர் பக்கமே தீர்ப்பு. கலை என்பதற்காகத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் ஒதுங்கி நிற்காது என்று நீதிமன்றம் சொன்னது ஆர்கெஸ்ட்ரா உலகையே கலங்கடித்தது.

அவர் ஜெயித்ததற்கு ஒரு வசதி இருந்தது. சத்தத்தை அளக்கக் கருவி உண்டு, சட்டத்தில் வரம்பும் உண்டு. தோள்பட்டைக்கு டெசிபெல் மீட்டர் ஏது? எந்த ஒத்திகையில் தசைநாண் கெட்டது என்று எப்படி நிரூபிப்பது?

ஜெர்மனி ஒரு வழி கண்டது. 2017-ல் தொழில்சார் நோய்களின் சட்டபூர்வப் பட்டியலில் வாத்தியக் கலைஞர்களுக்கு வரும் ஃபோக்கல் டிஸ்டோனியாவைச் சேர்த்தது. நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டவருக்கு உள்ள அதே வகை அங்கீகாரம். அந்த நாட்டுக்கே இதில் ஒரு பழைய கடன் இருந்தது. 1926-ல் இசைக்கலைஞர்களின் தொழில் நோய்களைப் பற்றி முழு நூல் எழுதியவர் பெர்லினின் கர்ட் ஸிங்கர். நரம்பியல் மருத்துவர், கண்டக்டர், யூதர். நாஜிகள் வந்த பிறகு அவரது பணி அறுந்தது. 1944-ல் தெரெஸியன்ஷ்டாட் முகாமில் இறந்தார்.

எது உதவுகிறது?

ஆள் பலம். வியன்னா அரசு ஆபராவின் ஆர்கெஸ்ட்ராவில் 150 பேரை ஒட்டி இருக்கிறார்கள். வியன்னா ஃபில்ஹார்மானிக் என்ற பெயரில் கச்சேரி செய்பவர்களும் அவர்களே. வேலை மலைபோல, ஆனாலும் முறைவைத்து மாறிக்கொள்ள ஆள் உண்டு. செலவைக் குறைக்க ஆட்களைக் குறைக்கும் சிறிய ஆர்கெஸ்ட்ராக்களில் இது நடக்காது. கடினமான இரண்டு படைப்புகளை ஒரே வாரத்தில் போடாமல் இருப்பது, முன்சரிவுள்ள நாற்காலி, விடுமுறைக்குப் பின் வாசிப்பு நேரத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டுவது ஆகியவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை. பிரிட்டனில் 1984 முதல் இயங்கும் நிகழ்கலை மருத்துவ அமைப்பு, கலைஞர்களுக்கு இலவசப் பரிசோதனை தருகிறது. தனியாகப் போகலாம் என்பதால் நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. வருபவர்களுக்கு அது பெரிய விஷயம்.

நம் பிள்ளைகளுக்கு

நம் கர்னாடக வயலின் வித்வான்கள் தரையில் அமர்ந்து, வயலின் தலையை வலது பாதத்தில் ஊன்றி வாசிப்பதால் தாடையால் கவ்வும் தொல்லை இல்லை. சுமை இடுப்புக்கும் முழங்காலுக்கும் போகிறது. மேற்கத்திய முறையில் கற்றுக்கொண்டு கிரேடு தேர்வு எழுதும் பிள்ளைகள் இப்போது சென்னையில் ஏராளம். அவர்களில் சிலருக்கு, 2006-ல் மும்பையில் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவில் உட்காரும் கனவும் உண்டு. ஸாஸாவின் அதே தொகுப்பில் பள்ளி வயது இசை மாணவர்களிடமே தொந்தரவு 34-லிருந்து 62 சதவீதம் வரை காணப்பட்டது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது.

வயலின் கால், அரை, முக்கால், முழு என்று பல அளவுகளில் கிடைக்கிறது. ‘எப்படியும் வளர்ந்துடுவான்’ என்று ஓர் அளவு பெரிதாக வாங்கிக்கொடுப்பது நம் வீட்டு வழக்கம். அந்தக் கூடுதல் சென்டிமீட்டர்களைப் பிள்ளையின் இடது தோள்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். கடையிலேயே சோதித்துவிடலாம். வயலினைத் தாடைக்குக் கீழே வைத்து இடது கையை நீட்டச் சொல்லுங்கள். வாத்தியத்தின் சுருள் தலையை உள்ளங்கை சிரமமில்லாமல் மூடி, முழங்கை லேசாக மடங்கியிருந்தால் அளவு சரி. கை விறைத்து நீண்டால் ஓர் அளவு சிறியதைக் கேளுங்கள். சாதகம் பண்ணும்போது வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், அன்றைக்கு வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மறுநாள் வாத்தியாரிடம் அதைச் சொல்லுங்கள்.